விதைப்பவருக்கு யார் கற்றுக்கொடுப்பது?

 

நீங்கள் காலையில் ஊற்றிக் குடிக்கும் தேநீருக்கு ஓர் இலையில் விழுந்த நோயே காரணம் என்று சொன்னால் நம்புவீர்களா? பதுளையிலிருந்து பசறையைத் தாண்டிப் போனால் மடுல்சீமை. இன்று அந்த மலைகளில் தேயிலை படர்ந்திருக்கிறது. 1869 ஆம் ஆண்டில் அங்கே இருந்தது கோப்பி. அந்த ஆண்டில் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகளைக் கண்டார்கள். அந்த இலைகள் பேராதனைப் பூங்காவுக்குப் போயின. அங்கிருந்து இங்கிலாந்துக்கும் போயின. அது ஒரு பங்கசு என்று அங்குள்ள அறிஞர்கள் பெயரும் சூட்டினார்கள். ஆனால் நோய் எப்படிப் பரவுகிறது என்று நேரில் ஆராய்வதற்கு மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்து சேர்ந்தது 1880 இல்தான். காற்றில் பறக்கும் நுண்ணிய தூளே நோயைக் கொண்டு செல்கிறது என்றும், இடைவெளியில்லாமல் மலைமலையாக ஒரே பயிரை நட்டது அதற்குப் பாதை திறந்துவிட்டது என்றும் அவர் எடுத்துச் சொன்னார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது.

நோய் வந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகுதான் அறிவு வந்தது. ஊவாவின் விவசாய வரலாற்றில் இது ஒருமுறை மட்டும் நடந்த விபத்தாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை. அறிவு பிந்தி வருவதும், வந்தாலும் மண்ணில் குனிந்து நிற்பவரின் காதுக்கு எட்டாமல் காரியாலயத்திலேயே தங்கிவிடுவதும் இங்கே வழக்கமாகவே போய்விட்டன. அப்படிக் குனிந்து நிற்பவர் பெரும்பாலும் ஒரு பெண்.

மார்க்க ஏட்டில் மரக்கறித் தோட்டமா?

ஓர் ஆலிமுக்கு உரமும் பசளையும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த புதிதில், அன்ஸாரிகள் ஆண் பேரீச்சம் பாளையை எடுத்துப் பெண் மரத்தில் சேர்ப்பதைக் கண்டார்கள். அதைச் செய்யாவிட்டாலும் பரவாயில்லையே என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார்கள். அம்மக்கள் விட்டுவிட்டார்கள், அந்த ஆண்டு விளைச்சல் குறைந்தது. செய்தி வந்தபோது, உலகத் தொழில் சம்பந்தமான இத்தகைய விஷயங்களை நீங்களே நன்கு அறிவீர்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் செய்தி இது. வஹீ இறங்கிக்கொண்டிருந்த ஒரு நபியே பயிரின் நுட்பத்தைப் பயிரிடுபவனிடம் ஒப்படைத்தார்கள் என்றால், அந்த அனுபவ அறிவுக்கு மார்க்கம் தரும் மதிப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

நம் முன்னோர் அதைப் புரிந்துதான் நடந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸெவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்ற அறிஞர், மண், நீர், எரு, ஒட்டுக்கட்டுதல், கால்நடை என்று எல்லாவற்றையும் சேர்த்து ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்ற பெருநூலை எழுதினார். பழைய நூல்களில் படித்ததோடு நிற்காமல், தாமே நட்டுச் சோதித்துப் பார்த்தவற்றையும் அதில் குறித்து வைத்தார். அந்த நூலை 1802 ஆம் ஆண்டில் மத்ரீத் நகரில் ஸ்பானிய மொழியில் பெயர்த்து அச்சிட்டார்கள். அறுநூறு ஆண்டுகள் கழித்தும் ஐரோப்பியருக்கு அது பயன்படும் நூலாகவே இருந்திருக்கிறது. நம் வீடுகளிலோ, படிப்பு வராத பிள்ளைக்கென்று ஒதுக்கி வைத்த தொழிலாக விவசாயம் ஆகிவிட்டது.

ஒரு கிளாஸ் தண்ணீர்

வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பக்கம் வாழும் சகோதரிகளுக்கு உருளைக்கிழங்கு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரும்போகத்தில் நெல் விளைந்த அதே வயலில் சிறுபோகத்தில் கிழங்கு போடுவது அங்கே பழக்கம். தக்காளியும் கறிமிளகாயும் அடுத்த பாத்தியில் நிற்கும். ஒருநாள் காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானத்துக்குள் தலை சாய்ந்துவிடும். அடுத்த நாள் பக்கத்துச் செடி. மனிதர் ஓடிப்போய்க் கடையில் ஒரு மருந்தை வாங்கி வந்து அடிப்பார். அது கேட்காது. இன்னும் விலை கூடிய மருந்து வரும். அதுவும் கேட்காது. பெண்ணின் காதுச் சோடி அடகுக்குப் போகும்.

அது பற்றீரியா வாடல் நோயாக இருந்தால் எந்தப் பங்கசு மருந்தும் அதைத் தொடாது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடமும் தேவையில்லை. வாடிய செடியின் தண்டில், அடிப்பக்கமாக இரண்டு மூன்று அங்குலத் துண்டை வெட்டுங்கள். ஒரு கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுகம் தண்ணீருக்குள் இருக்கும்படி தொங்கவிட்டு அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் நிற நூல் போல ஒன்று கீழே இறங்கினால் அது பற்றீரியா. இறங்காவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

பற்றீரியா என்று தெரிந்துவிட்டால் மருந்துக் கடைக்குப் போகும் பணம் மிச்சம். அந்தச் செடியை மண்ணோடு அகற்ற வேண்டும். அந்தப் பாத்தித் தண்ணீர் மற்றப் பாத்திக்குப் போகாமல் மறிக்க வேண்டும். மண்வெட்டியைக் கழுவ வேண்டும். அங்கே எடுத்த கிழங்கை அடுத்த போகத்துக்கு விதையாக வைக்கக் கூடாது. கிழங்கு, தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பின் ஒன்றாக அவற்றையே போட்டால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரிதான். இடையில் சோளமோ நெல்லோ வர வேண்டும். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் இந்தக் கிருமி குறைகிறது. நெல்லுக்குப் பின் கிழங்கு என்ற வெலிமடைப் பழக்கத்தில் இப்படி ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது.

இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். இதைத் தெரியாமல் ஒரு குடும்பம் கடனில் விழுவதற்கு ஒரு போகம் போதும். கல்வித் தேவை என்று நான் சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்டதைத்தான். பல்கலைக்கழகப் பட்டம் அதற்குப் பிறகு வரட்டும்.

சொல்லிக்கொடுத்தவர்கள் எங்கே போனார்கள்?

ஒரு காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் விவசாய விரிவாக்க உத்தியோகத்தர் இருந்தார். கே.வி.எஸ். என்று அழைப்பார்கள். சைக்கிளில் வருவார், வயல் வரம்பில் நிற்பார், இலையைத் திருப்பிப் பார்ப்பார். 1989 ஆம் ஆண்டளவில் இவர்களில் சுமார் 2,400 பேர் ஒரேயடியாகக் கிராம சேவை உத்தியோகத்தர் பதவிக்கு மாற்றப்பட்டார்கள். வயலுக்கும் திணைக்களத்துக்கும் நடுவில் இருந்த பாலம் அத்தோடு அறுந்தது. இன்று விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெற்றிடத்தை நிரப்பியது யார்? மருந்துக் கடைக்காரர். அவரிடம் நோயைச் சொல்கிறோம், அவர் போத்தலைத் தருகிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் நம்மவரும் உண்டு. ஆனால் விற்பவரே வைத்தியராகவும் இருந்தால் ‘மருந்து வேண்டாம்’ என்ற வைத்தியம் எப்போதாவது கிடைக்குமா?

கற்றுக்கொடுப்பவர் குறைந்தார்; கட்டளையிடுபவர் கூடினார். 2011 ஆம் ஆண்டின் இறுதியில் மரக்கறியை மூட்டையில் அடைத்து அனுப்பக் கூடாது, பிளாஸ்டிக் கூடையில்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். கெப்பெட்டிப்பொலவிலிருந்து லொறியில் ஏறும் கோவாவும் தக்காளியும் மூட்டைக்குள் நசுங்கிப் போவதைக் கண்ணால் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கூடைக்குப் பணம் யார் தருவது, வெறுங்கூடை எப்படித் திரும்பி வருவது, ஒரு லொறியில் எவ்வளவு குறையும் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது, சட்டம் தளர்ந்தது, மூட்டைகள் திரும்பி வந்தன.

அதைவிடப் பெரிய பாடம் 2021 இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை முழுமையாகச் சேதன விவசாயத்துக்கு மாற்றப் போவதாக அறிவித்தார். மே 6 ஆம் திகதியிட்ட வர்த்தமானி இரசாயனப் பசளையினதும் பீடைநாசினியினதும் இறக்குமதியைத் தடுத்தது. சிறுபோகப் பயிர் மண்ணில் நிற்கும்போதே வந்த தடை. மலையகத்தில் கோவாவும் லீக்ஸும் யூரியாவுக்குப் பழகிப்போன மண். தேயிலைச் செடியும் அப்படியே. கூட்டெரு எவ்வளவு வேண்டும், எங்கே கிடைக்கும், எத்தனை மாதத்தில் பக்குவப்படும் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த கப்பலின் மாதிரிகளில் தீங்கான பற்றீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். அதற்கும் பல மில்லியன் டொலர் கட்ட நேர்ந்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் பயிர் அதிகாரிகளின் நாட்காட்டியைப் பார்த்து வளர்வதில்லையே! 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. பசளையும் எரிபொருளும் டொலரும் இல்லாத அந்த ஆண்டில் உங்கள் அடுப்பங்கரை எப்படி இருந்தது என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

சேதன விவசாயம் கூடாதது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புத்தளைக்கு அருகே இதல்கஸ்ஹின்னத் தோட்டத்தில் 1980களின் இறுதிப் பகுதியிலிருந்தே இரசாயனம் சேராத தேயிலை விளைகிறது. வெளிநாட்டில் அதற்கு நல்ல மதிப்பும் உண்டு. ஆனால் அப்படி ஒரு தோட்டத்தை மாற்றுவதற்கு ஆண்டுக்கணக்கு ஆகும். தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு ஐரோப்பியச் சான்றிதழ் பெறவே மூன்று ஆண்டு இடைமாற்றக் காலம் கேட்கிறார்கள். மூன்று ஆண்டில் கற்றுக்கொள்ள வேண்டியதை மூன்று வாரத்தில் செய் என்று ஒரு நாட்டுக்கே உத்தரவு போட்டதுதான் தவறு. பேரீச்சம் மரத்து ஹதீஸை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள்.

சட்டமே உதவாது என்பதும் சரியல்ல. 1995 அளவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருந்தது. அவற்றில் மிகப் பல பூச்சிமருந்தைக் குடித்து நிகழ்ந்தவை. அந்த ஆண்டிலும் 1998 இலும் மிகக் கொடிய நஞ்சுகள் சில தடை செய்யப்பட்டன. பத்தாண்டுக்குள் அந்த விகிதம் ஏறக்குறைய பாதியானது. ஆத்திரப்பட்ட ஒரு நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பல உயிர்களைத் தீர்மானித்திருக்கிறது. ஆகவே சகோதரிகளே, அந்தப் போத்தல் உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? அரிசி வாளிக்குப் பக்கத்திலா? பூட்டுள்ள பெட்டி ஒன்று வாங்குங்கள். வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள். மருந்தடித்த சட்டையைப் பிள்ளையின் உடுப்போடு சேர்த்து ஊறப்போடாதீர்கள். அடித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது லேபலில் இருக்கும். நாளைக்குச் சந்தைக்குப் போகும் போஞ்சிக்கு இன்று மருந்தடிப்பது, உண்பவரின் உரிமையில் கைவைப்பதாகும். மறுமையில் விசாரிக்கப்படும் விஷயம்.

கூட்டத்துக்குப் போனவர், வேலை செய்தவர்

ஊவாத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ச் சகோதரிகள். மரக்கறிப் பாத்தியில் நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் அறுவடையைத் தரம் பிரிப்பதும் எந்தச் சமூகமானாலும் பெண்கள்தான். பயிற்சி வகுப்பு நடக்கும்போது கதிரையில் இருப்பவர் யார்? காணி யார் பெயரில் இருக்கிறதோ அவர். அரசு கொடுத்த குடியேற்றக் காணிகளுக்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஆண்மக்களுக்கே முன்னுரிமை கொடுத்து வந்தது. 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. தோட்டத்தில் வாழும் குடும்பத்துக்கோ லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலமும் சொந்தமில்லை. இப்படியாகக் கேட்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர். கேட்டு வந்தவர் வீட்டில் முழுவதையும் சொல்கிறாரா என்பது உங்களுக்கே தெரியும்!

மொழி இன்னொரு மதில். பதுளை மாவட்டத்தில் பொறுப்பான, உழைப்பாளியான சிங்கள உத்தியோகத்தர் பலர் இருக்கிறார்கள். ஆனால் தமிழ் மட்டும் தெரிந்த தோட்டப் பெண்ணுக்கு அவர் மண்ணின் அமிலத்தன்மையை எப்படி விளக்குவார்? தமிழ் பேசும் விவசாய உத்தியோகத்தர்கள் எங்கிருந்து வருவார்கள்? பாடசாலையிலிருந்துதான் வர வேண்டும். அங்கேதான் அடைப்பு. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகு எழுத்தறிவு வளர்ந்தது உண்மை. ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கக் கூடிய தமிழ்மொழிப் பாடசாலைகளை ஊவாவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். விஞ்ஞானம் இல்லாத இடத்தில் விவசாய விஞ்ஞானத்துக்கு எங்கே போவது? 2005 இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே தனிப் பட்டம் உண்டு. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கிறது. மலையடிவாரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகள் அந்த வாசலை எட்டுவதற்கு இடையிலுள்ள படிகளைத்தான் யாரும் கட்டவில்லை. சம்பளப் போராட்டத்தில் நாம் கேட்கும் குரலில் பாதியாவது இந்தப் படிகளுக்காக எழ வேண்டும் என்பது என் கருத்து.

நம் சமூகத்தின் கதை வேறு மாதிரி. குருத்தலாவையிலும் சில்மியாபுரவிலும் பயிரோடு வாழும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. பதுளை, பண்டாரவளை, வெலிமடைக் கடைத்தெருக்களில் மரக்கறியும் பசளையும் விற்பவர்கள் உண்டு. ஆனால் பெண்பிள்ளை விவசாய டிப்ளோமா படிக்கப் போகிறாள் என்றால், “சேற்றில் இறங்கவா இவ்வளவு படிக்க வைத்தோம்?” என்று உம்மாவே முதலில் கேட்கிறார். ஸஹீஹ் முஸ்லிமில் இன்னொரு செய்தி. ஜாபிர் (ரழி) அவர்களின் சிறிய தாயார் தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தார்கள். தம் பேரீச்சந் தோட்டத்தில் பழம் பறிக்கப் போக விரும்பியபோது ஒருவர் கண்டித்தார். அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே போய்க் கேட்டார்கள். போய்ப் பறியும்படியும், அதிலிருந்து தர்மமோ நன்மையோ செய்ய வாய்க்கலாம் என்றும் அனுமதி கிடைத்தது. அந்தப் பெண்மணிக்குத் தோட்டம் இருந்தது, அதன் பருவம் தெரிந்திருந்தது, கேட்கும் துணிவும் இருந்தது. அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி) அவர்கள் கணவரின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து நடந்து வந்தது புகாரியில் இருக்கிறது. சேறு பட்ட பாதம் நம் வரலாற்றில் வெட்கத்துக்குரியதாக இருந்ததில்லை.

இடையில் ஒன்று. மரக்கறித் தோட்டத்துக்கு ஜகாத் உண்டா என்று சகோதரிகள் அடிக்கடி கேட்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் சேமித்து வைத்துப் பிரதான உணவாக உண்ணும் தானியம், பேரீச்சை, திராட்சை ஆகியவற்றுக்கே விளைச்சல் ஜகாத். கோவாவுக்கும் கரட்டுக்கும் இல்லை. ஹனஃபி மத்ஹபில் கருத்து வேறு. வாங்கி விற்பவருக்கோ வியாபாரச் சரக்கின் ஜகாத் கடமையாகும். விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் போகத்திலேயே செய்யக் கூடியது

சாதாரண தரத்தில் ‘விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளை அதைத் தெரிவு செய்தால் தடுக்காதீர்கள். உயர்தரத்துக்குப் பின் விவசாயப் பாடசாலைகளில் டிப்ளோமா படிக்கலாம். நம் மாகாணத்திலேயே பிபிலையில் ஒன்று இருக்கிறது, கிழக்கில் பாலமுனையில் ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் கோரும் காலத்தில் எந்த மொழியில் எங்கே வகுப்பு என்பதைக் கேட்டு அறியுங்கள். மகளிர் சங்கம் வைத்திருக்கும் ஊர்களில், கமநல சேவை நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போதனாசிரியரைப் பெண்களுக்கென்றே ஒரு மத்தியானம் வரச் சொல்லலாம். மத்ரஸா மண்டபம் அஸருக்கு முன் சும்மாதானே கிடக்கிறது! பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ச் சகோதரிகளையும் அழையுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையை நாம் அறிந்தவர்கள். சிங்களத்தில் அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல நம் கடைவீதிப் பெண்பிள்ளைகளுக்கு முடியும்; இரண்டு மொழியிலும் வளர்ந்தவர்கள் அவர்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

பசளை வாங்க முன் மண்ணைப் பரிசோதியுங்கள். மலையகத்து மரக்கறி நிலம் பலவற்றில் பொசுபரசு ஏற்கனவே தேங்கிக் கிடக்கிறது. அதற்கு மேலும் பணம் கொடுத்து அதையே கொட்டுகிறோம். பாத்தியில் வளைந்து வளைந்து நடந்து எட்டுப் பத்து இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கி, ஆறு அங்குல ஆழம் வரை ஒரே அளவாக மண் எடுங்கள். வரம்பு ஓரத்திலும் எருக்குழிக்குப் பக்கத்திலும் எடுக்க வேண்டாம். அண்மையில் பசளை போட்டிருந்தால் சில வாரம் பொறுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான வாளியில் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பகுதியை நீக்குங்கள். அரைக் கிலோ மிஞ்சும் வரை அப்படியே செய்து, நிழலில் உலர்த்திப் பையில் கட்டுங்கள். எந்தப் பயிர் இருந்தது, அடுத்து எதைப் போடப் போகிறீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். எங்கே கொடுப்பது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் சொல்வார்கள். அறிக்கை வந்ததும் அதை வாங்கி நீங்களே வாசியுங்கள். புரியாத இடத்தைப் பென்சிலால் கோடிட்டு, போதனாசிரியர் வரும் நாளில் அவரிடம் கேளுங்கள்.